குதிரை அசை போடாது

போடியில் ஜீப்பு ஓட்டுகிற முத்துக்கண்ணன் ஒருநாள் சாயங்காலம் மாபெரும் முடிவு ஒன்றை எடுத்தான். இனிமேல் தன் பாட்டை யார் குறை சொன்னாலும் கோபப்படுவதில்லை. சொன்னவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடுவதில்லை. காது கொடுத்துக் கேட்பது, தலையை ஆட்டுவது, திருத்திக்கொள்வது. விமர்சனத்தில்தான் கவிஞனுக்கு விமோசனம்.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. சாலைப் பாதுகாப்பைப் பற்றி அவனே எழுதி, அவனே பாடி, போனில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்பிய பாட்டுக்கு ஒரே ஒரு ஆள்தான் பதில் போட்டிருந்தார். "வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டேன். பள்ளத்துல விட்ரலாமான்னு இருந்துச்சு" என்று. முத்துக்கண்ணன் அந்த ஆளைத் தேடிச் சிலமலைக்கு ஜீப்பை விட்டான். போய்ப் பார்த்தால் தூரத்துச் சொந்தம், முறைக்குச் சித்தப்பா. சண்டைக்குப் போனவனை உட்காரவைத்து, ஆட்டுக்கால் சூப்பு கொடுத்து, அந்தப் பாட்டில் இருந்த மற்ற பதினோரு குறைகளையும் சாவகாசமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தார்.

சூப்பு நன்றாக இருந்தது. குறைகளும் சரியாகத்தான் இருந்தன. அதுதான் வேதனை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டான்.

"பானு, இனிமே என் பாட்டை யாரு என்ன சொன்னாலும் ஏத்துக்கிரப் போறேன்."

"யாரு சொன்னாலுமா?"

"யாரு சொன்னாலும்."

"சத்தியமா?"

"பரமசிவன் மலை மேல சத்தியமா."

பானுப்பிரியா துவைத்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணம் முடிந்து பதினெட்டு வருசத்தில், அவள் மறுபேச்சுப் பேசாமல் இருந்த சமயங்களைத்தான் அவன் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். களைப்பில் விட்டுவிட்டான்.

அவன் களைப்பைக் குறை சொல்லவும் முடியாது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலையில் ஏறுவான். சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவான். கொண்டை ஊசி வளைவு பதினேழு. ஏறும்போது பதினேழு, இறங்கும்போது பதினேழு. வீட்டுக்கு வந்து நேராக உட்கார்ந்தாலும் உடம்பு வளைந்துகொண்டே இருக்கும்.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. ஜீப்பை நிறுத்தத்தான் போட்டான். கூரை தணிந்துபோனதால் ஜீப்பு நுழையவில்லை. கவிஞன் நுழைந்துவிட்டான். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு நோட்டு. கதவில் சாக்பீசால் 'பாட்டுப் பட்டறை' என்று எழுதியிருந்தான். உலகத்தில் ஹாரன் சத்தமும் பெண்டாட்டி சத்தமும் கொஞ்சம் தள்ளிக் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி வந்தது. அக்டோபர் மாதம் விலங்குகள் தினம். கால்நடை டாக்டர் சிவரஞ்சனியும் ஊரில் நாலைந்து பேரும் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் விழா வைக்கிறார்கள். 'விலங்குகளின் உரிமை' என்ற தலைப்பில் பாட்டு எழுத வேண்டும். தேர்வான பாட்டுகளை அருண்பாண்டியின் ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் பாடும்.

முத்துக்கண்ணன் அன்றைக்கே யானையைப் பிடித்தான். எழுதுவதென்று வந்துவிட்டால் பெரிதாக எழுத வேண்டும் என்பது அவன் கொள்கை. சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மனைவிக்குப் பாடிக் காட்டினான்.

"கானகத்து வேந்தனே, கருமேகத் தோழனே,
மானிடர்கள் பறித்த உரிமை மீட்டெடுக்க வந்தேனே!"

பானுப்பிரியா ரசத்தை ஊற்றினாள்.

"எப்படி?"

"எனக்குப் பாட்டைப் பத்தி என்னங்க தெரியும்? நாலு பேருட்டக் காட்டுங்க." பிறகு அதே மூச்சில், "அப்பா பேசுனாரு" என்றாள்.

அவள் அப்பா சுருளி, குரங்கணிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் இருந்தார். முப்பது வருசமாக அந்தக் கிராமத்தின் காப்பிக்கொட்டையும் ஏலக்காயும் அவருடைய மட்டக்குதிரை முதுகில்தான் குரங்கணிக்கு இறங்கின. முதலில் ஒரு குதிரை, அது போனபிறகு அதன் குட்டி. அந்தக் குட்டிதான் இப்போது இருக்கிற செவலை, அதுவும் கிழம். போன வருசம் மலைக்கு ஜீப்பு ரோடு போட்டார்கள். செவலைக்கு வேலை போயிற்று. சுருளிக்கு முட்டியும் போயிற்று.

"ராஜ்கமல் தேனிக்கு வந்துரச் சொல்றான்" என்றாள். ராஜ்கமல் அவள் தம்பி. "மாடி வீடு. செவலையை எங்கிட்டு ஏத்துறது? எவனோ ஒரு யாவாரி கேக்குறானாம். எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறானாம். நம்ம கொட்டகையில கட்டிக்கிருவமா?"

முத்துக்கண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"குதிரையவா? வாசல்ல குதிரை கட்டிவச்சுக்க நான் என்ன அய்யனாரா?"

"பாவங்க அது."

"பாவந்தான். அதுக்கு? நான் பாட்டு எழுதுறதா, சாணி அள்ளுறதா? கொட்டகையப் பத்திப் பேச்சே எடுக்காத."

"சரிங்க" என்றாள். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவன் கானகத்து வேந்தனை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

மறுநாள் காலையில் ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் பின்னாலிருந்து கருத்தம்மாள் குரல் கொடுத்தாள். ஜீப்பில் வருகிற பெண்களில் அவள்தான் மூப்பு. முன்சீட்டில் யார் உட்காரலாம் என்பதிலிருந்து முதலமைச்சர் யார் என்பது வரைக்கும் அந்த ஜீப்பில் அவள் தீர்ப்புத்தான்.

"ஏப்பா, புதுப் பாட்டு எழுதியிருக்கியாமே? எதைப் பத்தி?"

"விலங்குகளோட உரிமைக்கா."

"எருமையா?"

"உரிமை, உரிமை!"

"எருமைக்கு என்ன உரிமை வேணுமாம்? பாடு, கேப்போம்."

பாடினான். பாடி முடிக்க மூன்று வளைவு ஆயிற்று. எஞ்சினும் கூடவே முக்கியது.

"நீ யானையப் பாத்திருக்கியா?" என்றாள் கருத்தம்மாள்.

"டிவியில பாத்திருக்கேன்."

"நான் பத்தடியில பாத்தேன். தூக்குவாளியப் போட்டுட்டு ஓடுனேன். அது தூக்குவாளிய மிதிச்சுத் தோசைக்கல்லாக்கிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு நான் பட்டினி கெடந்தேன். அது எவன் பறிச்ச உரிமைன்னு உன் பாட்டுல இருக்கா?"

பழைய முத்துக்கண்ணனாக இருந்தால் ஜீப்பை ஓரங்கட்டி, "இறங்கி நடங்க" என்றிருப்பான். புது முத்துக்கண்ணன் பெருமூச்சு விட்டான். "சரிக்கா. திருத்திக்கிறேன்."

அடுத்த நாள் குரங்கு. "கூரை ஓட்டப் பிரிச்சு உள்ள எறங்கி எங்க வீட்டுச் சட்டியில சோறு திங்குது. இன்னும் என்ன உரிமை குடுக்கப் போற? ரேஷன் கார்டா?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு அடுத்த நாள் காட்டுப்பன்றி. மரவள்ளித் தோட்டம் வைத்திருந்த மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. வாழ்த்தவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நாலாம் நாள் தெருநாய். பல்லவி முடிவதற்குள் பின்சீட்டில் இருந்த ஒரு பெண் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலில் போட்டிருந்த கட்டைக் காட்டினாள். அந்தப் பாட்டு அங்கேயே செத்தது.

இப்படி ஒரு வாரத்தில் முத்துக்கண்ணன் நாலு விலங்குகளை இழந்தான். வெள்ளிக்கிழமை பதினோராவது வளைவில் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. எந்தச் சீவனுக்குத்தான் உரிமை குடுக்கலாம்?"

கருத்தம்மாள் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு யோசித்தாள்.

"வாயத் தொறக்காமச் சொமக்குது பாரு, அதுக்குக் குடு. பொதிக்குதிரை. ரோடு வந்ததும் அதுகள எல்லாரும் மறந்து போனாங்க. அது எவன் கூரையவாச்சும் பிரிச்சுச்சா?"

ஜீப்பே "ஆமாமா" என்றது. முதல்முறையாக ஒரு விலங்குக்கு எதிர்ப்பு இல்லை. முத்துக்கண்ணனுக்குக் கண் கலங்கியது.

அன்று சாயங்காலமே குதிரைப் பாட்டைக் கட்டினான். கட்டின சூட்டோடு அருண்பாண்டியின் மைக்செட் கடைக்குப் போனான். அருண்பாண்டி கீபோர்டில் வாசித்துப் பார்த்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். டீ வரவழைத்தான். கெட்ட செய்தி சொல்கிறவர்கள்தான் டீ வாங்கித் தருவார்கள் என்பது முத்துக்கண்ணனுக்கு இதற்குள் பழகிவிட்டது.

"அண்ணே, மெட்டுக்குப் பாந்தமா உக்காருது. ஆனா ஒண்ணு."

"சொல்லுப்பா. நான் எதையும் ஏத்துக்கிறேன்."

"'பறந்து வரும் புரவியே'ன்னு எழுதியிருக்கீங்க. முதுகுல ரெண்டு மூட்டையோட மலையில எறங்குற குதிரை எங்கண்ணே பறக்கும்? பறந்தாப் பள்ளத்துலதான். பாட்டுல குதிரை இருக்கு, குதிரை வாசம் இல்லண்ணே."

"வாசமா?"

"வாசந்தான். டாக்டரம்மாட்ட ஒருதடவை காட்டிருங்க. அவங்கதான் நடுவர்."

டாக்டர் சிவரஞ்சனி ஒரு கன்றுக்குட்டியின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் காதையும் ஒரு கையால் கவிதையையும் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

"'அசைபோட்டுப் படுத்திருக்கும் அழகுக் குதிரையே – உன்
பிளந்த குளம்பின் ஓசையிலே பிறக்கும் விடுதலையே.'"

கன்றுக்குட்டி தலையை உதறியது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்க மாட்டேன் மேடம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"குதிரை அசை போடாது."

"போடாதா?"

"போடாது. மாடுதான் போடும். குதிரைக்குக் குளம்பும் பிளந்திருக்காது. ஒத்தைக் குளம்பு. பெரும்பாலும் நின்னுக்கிட்டேதான் தூங்கும். நீங்க மாட்டைப் பத்தி எழுதிட்டுப் பேரை மட்டும் மாத்திட்டீங்களோ?"

மாடு என்று ஒரு சமயம் யோசித்தது உண்மைதான். முத்துக்கண்ணன் தரையைப் பார்த்தான்.

"உங்க மனசு நல்ல மனசு சார்" என்றாள் டாக்டர். "ஆனா ஒரு வாரம் ஒரு குதிரை கூட இருந்து பாருங்க. அப்புறம் எழுதுங்க. இன்னும் நாள் இருக்கு."

வீட்டுக்கு வந்தான். வாசல்படியில் உட்கார்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யானை போயிற்று, குரங்கு போயிற்று, கடைசியில் குதிரையும் அசை போடாமல் போயிற்று. பானுப்பிரியா கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளாக ஏதாவது கேட்பாள் என்று பார்த்தான். கீரை முடிகிற வரைக்கும் கேட்கவில்லை.

"பானு."

"சொல்லுங்க."

"உங்கப்பா குதிரை இருக்குல்ல?"

"இருக்கு. அந்த யாவாரி செவ்வாக்கெழமை வர்றானாம்."

"அதை ஒரு வாரத்துக்கு நம்ம கொட்டகையில..."

"வேணாங்க" என்றாள் பட்டென்று. "உங்களுக்குத் தொந்தரவு. பாட்டு எழுதுறதா, சாணி அள்ளுறதா?"

"ஒரே ஒரு வாரம், புள்ள."

"வாசல்ல குதிரை கட்ட நீங்க என்ன அய்யனாரா?"

"அதை ஏன் இப்பச் சொல்ற? கவிஞனுக்கு அனுபவம் வேணுங்கிறாங்க. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

"எனக்கு நூறு சோலி கெடக்கு. என்னால பாக்க முடியாது."

"நான் பாக்குறேன்!"

"தண்ணி காட்டணும்."

"காட்டுறேன்."

"கொள்ளு ஊறவைக்கணும். தேச்சுவிடணும். சாணி அள்ளணும்."

"அள்ளுறேன். எல்லாம் நானே அள்ளுறேன். போதுமா?"

பானுப்பிரியா கீரைக் காம்புகளை வாரிக்கொண்டு எழுந்தாள். "இவ்வளவு தூரம் கெஞ்சுறீக. சரி, அப்பாட்டக் கேட்டுப் பாக்குறேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்குப் பஸ்சில் போனான். சுருளி நொண்டிக்கொண்டே செவலையை அதுவரைக்கும் இறக்கிக்கொண்டு வந்திருந்தார். திரும்பி வர பஸ் இல்லை. அதாவது இருந்தது, குதிரைக்கு இல்லை. லாரி பிடிக்கலாம் என்றான். "அது வண்டி ஏறாது மாப்ளே. நடந்தே பழகுன சீவன்" என்று சுருளி கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் கயிற்றை உடனே விடவில்லை. செவலையின் நெற்றியை ஒருதரம் தடவினார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாறு கிலோமீட்டர். இருபது வருசமாக நடப்பதையே மறந்திருந்த ஜீப்புக்காரன் நடந்தான். பழக்கமான ஜீப்புகள் எதிரே வந்தன. "என்ன முத்து, வண்டிய மாத்திட்டியா? மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" என்று ஒருத்தன் கேட்டான். "ரிவர்ஸ் எடுக்குமா?" என்றான் இன்னொருத்தன். கால் கொப்புளித்தது. செவலை அவசரப்படவே இல்லை. அவன் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

ஒன்றை மட்டும் அவன் கவனித்தான். ஒவ்வொரு ஜீப்பும் ஹாரன் அடிக்கும்போது செவலை தானாக ரோட்டை விட்டு இறங்கிக்கொள்ளும். கயிற்றை இழுக்க வேண்டியதில்லை. வண்டி வருவதற்கு முன்னாலேயே போய், ஓரமாக, மலையோடு மலையாக ஒட்டிக்கொண்டு, தலையைத் தணித்து நிற்கும். மூட்டை இல்லாத முதுகையும் மூட்டை இருப்பதுபோலவே ஒதுக்கி நிற்கும். அந்த முதுகில், சேணம் உரசின இடத்தில், முடி முளைக்காத இரண்டு வட்டம் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

மலை ரோட்டில் எத்தனை தடவை ஹாரன் அடித்திருப்போம் என்று முத்துக்கண்ணன் எண்ணிப் பார்த்தான். எண்ணிக்கை வரவில்லை. அடுத்த ஜீப்பு வந்தபோது செவலையோடு அவனும் ஓரமாக இறங்கி நின்றான்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று மணிக்கே எழுந்து தண்ணீர் காட்டினான். மலையில் முப்பத்து நாலு வளைவு, வீட்டில் குதிரைச் சாணி. கொட்டகையில் குதிரை நின்றதால் கட்டில் வெளியே வந்தது. 'பாட்டுப் பட்டறை'யில் பட்டறை என்கிற சொல்லைச் செவலை நக்கிவிட்டது. இவ்வளவு அலுப்பிலும், கொள்ளு ஊறும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினபோது பாட்டு தானாக வந்தது.

"ஆரன் சத்தம் கேட்டதுமே ஓரம் போகுது – அது
ஆரு பெத்த புள்ளைக்காகப் பாரம் தூக்குது?"

ஜீப்பில் பாடினான். கருத்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். "இதாம்ப்பா பாட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பானுட்டச் சொல்லிரு, நான் சொன்னேன்னு" என்றாள்.

"பானுட்ட எதுக்குக்கா?"

"அதுதான அன்னைக்குப் போன் போட்டுச்சு. 'அக்கா, அவரு பாட்டு நல்லாருக்குன்னு பொய் சொல்லாதீக. உள்ளதச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டாரு, மலை மேல சத்தியம் பண்ணியிருக்காரு. சந்தடி சாக்குல குதிரைன்னு ஒரு வார்த்தை போட்டு விடுங்க'ன்னுச்சு."

முத்துக்கண்ணன் பிரேக்கில் காலை வைத்தான். கோபப்படலாமா என்று பார்த்தான். கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. அதோடு, யானையையும் குரங்கையும் பற்றி இவர்கள் சொன்னதில் எது பொய்? ஒன்றும் இல்லை. காலை எடுத்தான். ஜீப்பு ஏறியது.

வீட்டில் அதைக் கேட்கவும் இல்லை. ஒரு வாரம் முடியப் போகிறது, குதிரை போய்விடும், கொட்டகை திரும்பி வரும். ஜெயித்தது தான்தான் என்று வைத்துக்கொண்டான். பெருந்தன்மையாகவே சரணத்தையும் அவளிடம் பாடிக் காட்டினான்.

"சுமந்து முடிச்ச குதிரையைச் சந்தைக்கு அனுப்பாதே,
நிமிந்து நிக்கும் காலம் வந்தா நிழலைப் பிடுங்காதே."

பானுப்பிரியா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"சொன்னா ஏத்துக்கிருவீகளா?"

"சொல்லு, சொல்லு."

"'அனுப்பாதே, பிடுங்காதே'ன்னா ஊருக்கு உபதேசம் மாதிரி இருக்குங்க. கேக்குறவன், 'நீ யோக்கியமா'ம்பான். 'அனுப்ப மாட்டேன், பிடுங்க மாட்டேன்'னு எழுதிப் பாருங்க."

முத்துக்கண்ணன் முணுமுணுத்துப் பார்த்தான். மயிர்க்கூச்செறிந்தது. "அடி சக்கை!"

"இன்னொண்ணு. 'குதிரையை'ன்னா குதிரைக்காரனுக்கு மட்டுந்தான. 'சீவனை'ன்னு போட்டா எல்லாருக்கும் பொதுவா இருக்கும்ல?"

"பானு! இவ்வளவு நாளா நீ எங்கடி இருந்த?"

"அடுப்படியிலதாங்க" என்றாள்.

பாட்டில் முதலில் பல்லவி வரும், பிறகு அனுபல்லவி, கடைசியில் சரணம். எல்லாக் கணவன்மாரும் கடைசியில் போய்ச் சேருகிற இடமும் அதுதான். ஆனால் அன்றைக்கு முத்துக்கண்ணனுக்கு அது பாட்டின் பகுதி என்று மட்டும்தான் தெரிந்திருந்தது.

விழா நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் என்றது பதினைந்து நாளாகியிருந்தது. கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ஜீப்புப் பெண்கள் இரண்டு வரிசையை வளைத்திருந்தார்கள். அருண்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். "சுமந்து முடிச்ச சீவனைச் சந்தைக்கு அனுப்ப மாட்டேன்" என்ற இடத்தில் கைதட்டல் மெட்டையே மூழ்கடித்தது. டாக்டர் சிவரஞ்சனி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் ஊருக்குப் புத்தி சொல்லித்தான் எழுதியிருந்தாங்க. இவர் மட்டும்தான் தனக்குத்தானே சத்தியம் பண்ணியிருக்கார். சும்மா பாட்டுக்குச் சொல்லல. வயசான ஒரு குதிரைக்குத் தன் வீட்டுலயே இடம் கொடுத்திருக்கார்!"

ஜனம் எழுந்து நின்று தட்டியது. முத்துக்கண்ணனும் பரவசத்தில் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே எதற்குத் தட்டுகிறோம் என்பது மெல்ல உறைத்தது. கை தானாக நின்றது.

முதல் பரிசு அவனுக்குத்தான். கவிஞனுக்கு ஒரு கேடயம். குதிரைக்கு ஒரு மூட்டைக் கோதுமைத் தவிடு.

திரும்பும்போது ஜீப்பில் பானுப்பிரியா முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கருத்தம்மாளும் நாலைந்து பேரும்.

"பானு" என்றான் தணிந்த குரலில். "ஒரு வாரம்னுதான பேசினோம்."

"ஆமாங்க."

"நாளைக்கு உங்கப்பாவுக்கு ஒரு போனப் போட்டு..."

பின்னாலிருந்து பாட்டு கிளம்பியது. கருத்தம்மாள்தான் எடுத்துக் கொடுத்தாள். "அனுப்ப மாட்டேன்... அனுப்ப மாட்டேன்..." ஜீப்பே கைதட்டிப் பாடியது.

"போட்டு?" என்றாள் பானுப்பிரியா.

முத்துக்கண்ணன் கண்ணாடியில் அந்தப் பெண்களைப் பார்த்தான். நாளைக் காலையும் இதே ஜீப்பு, இதே பெண்கள், பதினேழு வளைவு.

"போட்டு, செவலை சௌக்கியமா இருக்குன்னு சொல்லிரு."

"சொல்லியாச்சுங்க."

சரி, குதிரைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பாட்டுக்குப் பாட்டும் ஆயிற்று, கேடயமும் வந்தது. ஒரு கிழக்குதிரை இன்னும் எத்தனை வருசம் இருந்துவிடப் போகிறது? கட்டில் வெளியே கிடந்தால் காற்றோட்டம் என்று நினைத்துக்கொண்டே வீட்டு முன்னால் ஜீப்பை நிறுத்தினான்.

வாசலில், அந்தக் கட்டிலில், சுருளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய தகரப் பெட்டி. கொட்டகைக்குள்ளிருந்து தலையை நீட்டி, செவலை அவர் தோளில் மோவாயை வைத்திருந்தது.

"வாங்க மாமா" என்றான் முத்துக்கண்ணன். "குதிரையப் பாக்க வந்தீகளா?"

"அதையும் பாத்துட்டேன் மாப்ளே." சுருளி எழுந்திருக்கப் பார்த்து, முட்டி வலியில் மறுபடி உட்கார்ந்தார். "ராஜ்கமல் வீட்டுக்கு இருபத்திரெண்டு படி. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏற முடியல. எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். பானுதான் போன்ல ஒங்க பாட்டப் பாடிக் காட்டுச்சு. 'சுமந்து முடிச்ச சீவனை அனுப்ப மாட்டேன்'னு. நான் சொன்னேன், அது குதிரைக்கு எழுதுனது தாயின்னு. 'இல்லப்பா, நல்லாக் கேளுங்க, அதுல குதிரைங்கிற வார்த்தையே இல்ல'ங்குது."

முத்துக்கண்ணன் மனைவியைப் பார்த்தான். அவள் தவிட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மகனால முடியாததக் கவிஞர் பண்ணிட்டீக மாப்ளே."

"நல்லா இருங்க மாமா, உங்க வீடு" என்றான். குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். நல்ல கனம்.

"பாத்துத் தூக்குங்க" என்றாள் பானுப்பிரியா. "இன்னும் மூணு பொட்டி பஸ்சு ஸ்டாண்டுல இருக்கு."